கேட்கிறது, ஆனால் புரியவில்லை

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், ஒலிப்பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம். கடைசியில் இரண்டு கேள்வி பதில்களும் உண்டு.)



புகார்ப் புத்தகத்தில் தண்ணீருக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் அடுத்தபடியாக அதிகம் எழுதப்படுவது டிவி சத்தம்தான் என்று செயலாளர் சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல் எந்த அளவில் வைக்கலாம் என்று சங்கம் ஒரு விதி போடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. போடுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன் ஒரு விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். டிவியைச் சத்தமாக வைக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆசைப்பட்டு வைப்பதில்லை. வசனம் புரியாததால் வைக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டியும் புரிவதில்லை, அதனால் இன்னும் கூட்டுகிறார்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள்: "காது கேக்குதுடா, என்ன சொல்றான்னுதான் புரியல." நாம் அதை ஒரு சாக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை.

மூன்று சொற்களைச் சொல்கிறேன். காசு. காது. காடு. மூன்றிலும் உயிரொலி ஒன்றுதான், முதலில் 'ஆ', கடைசியில் 'உ'. நடுவில் இருக்கும் ஒரே ஒரு மெய்தான் சொல்லை மாற்றுகிறது. 'ஆ'வின் பலம் ஆயிரம் ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குக் கீழும் இருக்கிறது. 'சு'வில் வரும் அந்தச் சீறலின் பலமோ 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. 'து'வையும் 'டு'வையும் பிரித்துக் காட்டும் நுட்பமான வேறுபாடு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 வரையிலான பகுதியில். ஆக, பேச்சின் உரத்த பகுதி கீழே, பொருள் மேலே. மேல் பகுதி தேய்ந்துபோனால் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், காசா காதா என்பது தெரியாது. வங்கியிலிருந்து போன் வந்தால் 'எஃப் ஃபார் ஃபாதர், எஸ் ஃபார் சன்' என்று சொல்லித் தொலைக்கிறோமே, அதற்கும் இதுதான் காரணம். பழைய தொலைபேசி வழித்தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். இந்த இரண்டு எழுத்துகளின் அடையாளமும் அதற்கு மேல் இருக்கிறது.

இப்போது ஒரு சின்னச் சோதனை. வீட்டில் படிப்பவர்களும் செய்து பாருங்கள். கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தை வாய்க்கு முன்னால் அரை அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். எதிரில் இருப்பவருக்குப் பெரிய மாற்றம் தெரியாது. அதே இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள். மங்கிவிடும். புத்தகத்தை விலக்கினால் பளிச்சென்று திரும்பி வரும்.

ஏன் இப்படி? நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை மூன்றரை மீட்டர் நீளம். அது புத்தகத்தையும் சோபாவையும் உங்களையும் சுற்றி வளைந்து போய்விடும். 5,000 ஹெர்ட்ஸ் அலை 7 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். அதன் முன் ஒரு புத்தகம் வந்தால் அது சுவர். இன்றைய பேச்சுக்கு வேண்டிய இயற்பியல் பெரும்பாலும் இவ்வளவுதான். உயர் ஒலி வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும், நிழல் விழும். தாழ் ஒலி வெள்ளம் மாதிரி, எங்கும் புகும்.

இனி உங்கள் டிவியைப் பார்ப்போம். முன்பு இருந்த பெட்டி டிவியில் ஸ்பீக்கர் திரைக்குப் பக்கத்தில் நம்மைப் பார்த்தபடி இருந்தது. இப்போதைய டிவி விரல் தடிமன். சுற்றிலும் சட்டமே இல்லை என்பதுதான் விளம்பரம். அப்படியானால் ஸ்பீக்கரை எங்கே வைப்பார்கள்? பெரும்பாலான மாடல்களில் அடி விளிம்பில் தரையைப் பார்த்தோ, முதுகில் சுவரைப் பார்த்தோ இருக்கிறது. நோட்டுப் புத்தகச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ் ஒலி டிவியைச் சுற்றிக்கொண்டு உங்களிடம் வந்துவிடும். 'சு'வும் 'து'வும் தரைக்கும் சுவருக்கும் போய், மோதி, சிதறி, அங்கங்கே தேய்ந்து, மிச்சம் மீதி வந்து சேரும். டிவிக்குக் கீழே கெட்டியான வழவழப்பான மேசைப் பலகை இருந்தால் கொஞ்சம் முன்னால் திருப்பி அனுப்பும். அந்தப் பலகை மேல் பூ வேலை செய்த கெட்டித் துணி விரித்திருந்தால் அதுவும் போச்சு. துணியை எடுத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், செலவே இல்லாத வைத்தியம்.

தனி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒலியின் அலை ஸ்பீக்கர் கூம்பின் அகலத்தைவிடச் சிறிதாகும்போது ஒலி டார்ச் விளக்கைப்போலக் குவியத் தொடங்கும். நான்கு அங்குலக் கூம்புக்கு இது சுமார் 3,500 ஹெர்ட்ஸிலேயே நடந்துவிடும். அதனால்தான் ஒரு அங்குல அளவில் தனியாக ட்வீட்டர் வைக்கிறார்கள். அது பத்தாயிரத்தைத் தாண்டும்வரை ஓரளவு பரவலாக ஒலி பரப்பும். ஆனால் எந்த ட்வீட்டரும் தன் முன்னால் இருக்கும் தடுப்பைத் தாண்டாது. ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்த ஸ்பீக்கர், அலமாரி உச்சியில் கூரையைப் பார்த்து நிற்கும் ஸ்பீக்கர், தரையில் சோபா கால்களுக்கு நடுவே கிடக்கும் ஸ்பீக்கர், இவற்றையெல்லாம் நம் பிளாக்கிலேயே பார்த்திருக்கிறேன். ட்வீட்டர் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும், சுமார் மூன்று அடி. முகம் உங்களை நோக்கி இருக்க வேண்டும். மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிப் பெரிதாக்கும்.

சிலர் கேட்பார்கள்: அந்தக் காலத்து மீடியம் வேவ் ரேடியோவில் உயர் ஒலி எங்கே இருந்தது? ஆனாலும் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி வாசித்த செய்தி ஒரு எழுத்துகூடத் தவறாமல் புரிந்ததே? நல்ல கேள்வி. மீடியம் வேவில் நிலையங்களுக்கு இடையே 9,000 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் சுமார் 4,500க்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த 2,000 முதல் 4,500 வரையிலான பகுதி முழுசாக நேரே வந்தது. பெட்டி ஸ்டாண்டில் காது உயரத்தில் முகம் காட்டி இருந்தது. பெரிய பேஸ் கிடையாது, பின்னணி இசை கிடையாது. வாசித்தவர் நிறுத்தி, திருத்தமாக வாசித்தார். கேட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இன்றைய டிவியில் 15,000 வரை சிக்னல் வருகிறது, அதைத் தரைக்கு ஊட்டுகிறோம். நாடகங்களில் வசனத்துக்கு அடியில் இடைவிடாமல் மத்தளமும் ஹம்மிங்கும் போடுவதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

அடுத்தது அறை. இதில்தான் நமக்குப் பெரிய பிரச்சினை இருக்கிறது.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் என்று புதுக் கட்டடம் கட்டினார்கள். அதன் விரிவுரை அறையில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் சொன்னால் ஐந்தரை நொடி அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, ஊர் அடங்கிய பிறகு ஒரு ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி எத்தனை நொடியில் அடங்குகிறது என்று கடிகாரம் வைத்துக் காதாலேயே அளந்தார். மெத்தைகளைக் கூட்டக் கூட்ட நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பல இரவுகள் இப்படிச் செய்துதான் உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்தும் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். அறையின் கன அளவை அறையின் உறிஞ்சும் திறனால் வகுத்து, மீட்டர் கணக்கில் 0.161 ஆல் பெருக்க வேண்டும். விடை, ஒலி அடங்க ஆகும் நொடிகள்.

நம் வீட்டுக் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 3. கன அளவு 60. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 94 சதுர மீட்டர். விட்ரிஃபைட் டைல்ஸ் தன் மேல் விழும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் உறிஞ்சும். புட்டி பூசிய சுவரும் ஜன்னல் கண்ணாடியும் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. தாராளமாக நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் மொத்த உறிஞ்சும் திறன் 4.7தான். வகுத்தால் இரண்டு நொடி! பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் வரும். முந்தைய அசைகளின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்தவை வந்து விழுகின்றன. உரத்த 'ஆ'வின் வால் மெல்லிய 'சு'வின் தலைமேல் ஏறி உட்காருகிறது. காலிக் கூடத்தில் ஸ்பீக்கரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளிப் போனாலே நேரடி ஒலியைவிடச் சுவர்கள் திருப்பித் தரும் ஒலி அதிகம். நாம் உட்காருவதோ பன்னிரண்டு அடி தள்ளி.

கனமான திரை மடிப்பு மடிப்பாக, சோபா, ஒரு விரிப்பு, நாலு பேர் என்று சேர்த்து உறிஞ்சும் திறனை 15க்குக் கொண்டுவந்தால் இரண்டு நொடி 0.64 ஆகிவிடும். அது பேச்சு புரியும் அறை. கைதட்டிப் பார்த்தாலே தெரியும். கைதட்டலுக்குப் பின்னால் 'டிர்ர்' என்று ஒரு இழுப்பு வந்தால் இரண்டு மொட்டைச் சுவர்கள் எதிரெதிரே நின்று ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். அவற்றில் ஒன்றில் புத்தக அலமாரி வைத்தால் போதும். ஒழுங்கில்லாமல் அடுக்கிய அலமாரி இன்னும் நல்லது. என் வீட்டில் அந்த வசதி எப்போதும் உண்டு.

தெர்மாகோல் ஒட்டலாமா, முட்டை ட்ரே ஒட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. வேண்டாம். தெர்மாகோல் ஒலியைச் சரியாக உறிஞ்சாது. முட்டை ட்ரே ஏதோ ஒரு சின்னப் பகுதியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், தூசி சேரும், தீப்பிடிக்கும். இரண்டுமே பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. ஜிப்சம் போர்டில் போட்ட ஃபால்ஸ் சீலிங்கும் உயர் ஒலிக்கு இன்னொரு சுவர்தான்.

அதேசமயம் மெல்லிய தரைவிரிப்பை மட்டும் கூடம் முழுக்க விரித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது 4,000 ஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் உறிஞ்சும், 125 ஹெர்ட்ஸில் ஒன்றுமே செய்யாது. முடிவில் 'ஸ்' மங்கி, 'தும் தும்' மட்டும் முழங்கும் அறை கிடைக்கும். மெத்தை தடிமனாக இருக்க வேண்டும். நல்ல பஞ்சு மெத்தை போட்ட திவான் ஒன்று நாலு விரிப்புக்குச் சமம் என்பது என் எண்ணம்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் வருவோம். வசனம் புரியாமல் நீங்கள் ஒலியைக் கூட்டுகிறீர்கள். என்ன நடக்கும்? ஃப்ளெட்சரும் மன்சனும் பெல் ஆய்வகத்தில் அளந்து 1933-இல் வெளியிட்டார்கள்: ஒலி அளவு கூடக் கூட, நம் காதுக்குத் தாழ் ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாகப் பெரிதாகும். போதாததற்கு, பலமான தாழ் ஒலி தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலியை மறைத்துவிடும், தலைகீழாக அவ்வளவு மறைப்பதில்லை. ஆக, கூட்டக் கூட 'சு' இன்னும் புதையும். சுவரும் நமக்கு எதிரி. ஒலியின் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் கனமான சுவர் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். 100க்கும் 3,200க்கும் இடையே ஐந்து இரட்டிப்பு, ஏட்டுக் கணக்கில் 30 டெசிபல் வித்தியாசம். நடைமுறையில் அவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் போக்கு அதுதான். உங்களுக்குத் தேவைப்படாத பேஸ் முழுவதும் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக் குழந்தையை எழுப்புகிறது. உங்களுக்குத் தேவைப்பட்ட 'சு' உங்கள் கூடத்துக்குள்ளேயே தொலைந்துபோகிறது. புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே வசனத்தைத்தான் கேட்க முடியாமல் தவிக்கிறார்கள், வேறு வேறு பக்கத்திலிருந்து.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. ஆனால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு எழுபது வயது அம்மாவின் கதவைத் தட்டுவதற்கு முன், அவர் வீட்டில் இதையெல்லாம் யாராவது செய்து கொடுத்தார்களா என்று பார்க்கலாம்.

முதலில் நாற்காலி. பன்னிரண்டு அடியிலிருந்து ஆறு அடிக்கு இழுத்துப் போட்டால் நேரடி ஒலி 6 டெசிபல் கூடும், அறையின் முழக்கமும் பக்கத்து வீட்டுக்குப் போவதும் அப்படியே இருக்கும். இதற்கு இணையான வைத்தியம் கடையில் இல்லை. அடுத்து டிவி செட்டிங்கில் பேஸைக் குறைத்து, குரலைத் தெளிவாக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இரவு நேர மோட் இருந்தால் அது சண்டைக் காட்சியை அடக்கி முணுமுணுப்பைத் தூக்கும். சவுண்ட்பார் இருந்தால் அதன் முகம் உங்களைப் பார்க்கிறதா என்று பாருங்கள். டிவி அலமாரிக்குள் செருகி வைத்தால் வாங்கியது வீண். சப்வூஃபரை இரவில் அணைத்துவிடுங்கள், வசனத்துக்கு அது தேவையே இல்லை.

இவ்வளவு செய்தும் புரியவில்லை என்றால் அறையை விட்டுவிட்டுக் காதைப் பார்க்க வேண்டும். வயதாகும்போது உயர் ஒலிதான் முதலில் போகும். குழந்தைக்கு 20,000 வரை கேட்பது, அறுபதைத் தாண்டிய பலருக்குப் பத்துப் பன்னிரண்டாயிரத்தோடு நின்றுவிடும். அதனால் பேச்சுக்குக் கெடுதல் இல்லை. குறைவு 4,000க்கும் 2,000க்கும் இறங்கி வரும்போதுதான் மருமகள் முணுமுணுக்கிறாள் என்று மாமியாருக்குத் தோன்றுகிறது. வீட்டிலேயே ஒரு சோதனை: டிவி பார்க்கும்போது இரண்டு காதுக்கும் பின்னால் உள்ளங்கையைக் குவித்துப் பிடியுங்கள். பளிச்சென்று தெளிந்தால், குறைவது ஒலி அளவைவிட உயர் ஒலிதான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் முதலில் குரும்பி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ஆடியோகிராம் எடுங்கள். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எந்த இடத்தில் எவ்வளவு குறைவு என்று ஒரே தாளில் வரைந்து கொடுப்பார்கள். கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் தானும் சிரித்துவிட்டு, நாலு நாளில் எழுந்து உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் வளாகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிவி பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: புதிதாக ஸ்பீக்கர் வாங்கலாம் என்று இருக்கிறேன். கடையில் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பலரிடம் கேட்கச் சொல்லி ஆராய்ந்தார். நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கரைத்தான் மக்கள் விரும்பினார்கள். பக்கவாட்டில் போகும் ஒலிதானே சுவரில் பட்டு உங்களிடம் வருகிறது. அதனால் கடைக்காரர் அதிரும் பாட்டைப் போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லிவிட்டு, செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். நேர் எதிரில் நின்று கேளுங்கள், பிறகு மெல்லப் பக்கவாட்டில் நடங்கள். குரல் திடீரென்று போர்வைக்குள் போனதுபோல் ஆகாததை வாங்குங்கள். கேபிளுக்குத் தனியாகப் பெரிய பணம் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தில் திரை தைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மாவுக்குக் காது கருவி வாங்கிவிட்டோம். டிவி முன்னால் மட்டும் கழற்றி வைத்துவிடுகிறார், இரைச்சல் என்கிறார்.

பதில்: கருவி அறையின் முழக்கத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறது, அவர் சொல்வது சரி. ப்ளூடூத் வசதியுள்ள கருவியானால், டிவியோடு இணைக்கும் சின்னப் பெட்டி ஒன்று அந்தக் கருவிக்குப் பொருத்தமாகக் கிடைக்கும். டிவியின் ஒலி அறைக்குள் வராமல் நேரே காதுக்குப் போகும். கருவி வாங்கிய இடத்திலேயே கேளுங்கள். அது கிடைக்கும்வரை நாற்காலியை ஆறு அடிக்கு இழுத்துப் போடுங்கள். கூடத்துத் திரைகளைத் துவைக்கப் போட்டிருந்தால் மறுபடி மாட்டுங்கள்.